பூத்தும் காய்க்காத தூதுவளை

சென்னைப் புறநகரில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினோராவது மாடியில் வசிக்கும் வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பால்கனித் தொட்டியில் தூதுவளை வைத்திருக்கிறார். கொடி கிராதி முழுக்க ஏறிவிட்டது. பூவும் கொத்துக் கொத்தாக வருகிறது. ஆனால் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. உரம் போதவில்லையா, நோயா, அல்லது இது ஆண்செடியா என்று கேட்கிறார். ஊரில் அம்மா வீட்டு வேலியில் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே தூதுவளை சிவக்கச் சிவக்கப் பழுத்துக் கிடக்குமாம்.

இவ்வளவு செழிப்பாகப் பூக்கிற செடிக்கு உரக்குறைவோ நோயோ இருக்க வாய்ப்பில்லை. தூதுவளையில் ஆண்செடி, பெண்செடி என்ற பிரிவும் கிடையாது. ஏற்ற வண்டு அந்த உயரத்துக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் கணிப்பு. ஏதோ ஒரு வண்டு வந்தால் போதாது. தூதுவளைக்கு அதன் வித்தை தெரிந்த வண்டுதான் வர வேண்டும்.

அடுத்த முறை பூவைப் பறிக்கும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஊதா இதழ்களின் நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப்பைகள் நீட்டிக்கொண்டு நிற்கும். பெரும்பாலான பூக்களில் மகரந்தப்பை நெடுக வெடித்துப் பிளந்து, தூள் வெளியே கிடக்கும். எறும்பு ஊர்ந்தாலும் ஒட்டும், காற்றடித்தாலும் பறக்கும். தூதுவளையின் மகரந்தப்பை அப்படிப் பிளப்பதில்லை. நுனியில் ஊசித்துளை போலத் திறப்பு மட்டும் இருக்கும், தூள் முழுக்க உள்ளே பத்திரமாக இருக்கும். என் அத்தை வீட்டு அலமாரியில் மூடியில் பொடித் துளைகள் வைத்த தகரப் பவுடர் டப்பா ஒன்று இருந்தது. கவிழ்த்தால் மட்டும் பவுடர் வராது, தட்டி உலுக்கினால்தான் வரும். பூவின் ஏற்பாடும் அதுதான். இந்தப் பூவில் தேனும் கிடையாது. வருகிற பூச்சிக்குக் கிடைக்கும் ஒரே கூலி அந்த மகரந்தத் தூள். அதையும் உலுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும்.

உலுக்குவது எப்படி? கருவண்டு என்று நாம் சொல்லும், மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய வண்டு பூவின் மேல் வந்து அமர்கிறது. மகரந்தப்பைகளைக் கால்களாலும் வாயாலும் கவ்விப் பிடித்து, உடலை அவற்றைச் சுற்றி வளைத்துக்கொள்கிறது. பிறகு இறக்கைகளை அசைக்காமல், இறக்கையை இயக்கும் மார்புத் தசைகளை மட்டும் துடிக்கவிடுகிறது. நொடிக்கு 100 முதல் 400 முறை வரை அந்த அதிர்வு நிகழும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரத்தைவிட உச்சமான சுருதியில் சின்னதாக ஒரு சத்தம் எழும்பும். அந்தக் கணத்தில் துளைகள் வழியாக மகரந்தம் புகைபோலப் பீறிட்டு வண்டின் வயிற்று ரோமத்தில் படிகிறது. வண்டு அதைக் காலால் வழித்துக் கட்டிக்கொண்டு போகிறது. வழிக்க எட்டாத இடங்களில் ஒட்டியிருக்கும் தூள், அடுத்த பூவின் சூலகமுடியில் போய்ப் படிகிறது. ஒரே அதிர்வில் டப்பா காலியாவதும் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளிவரும் என்பதால் பல வண்டுகள் வந்தாக வேண்டும். விலையுயர்ந்த சரக்கைச் செடி அளந்து கொடுக்கிறது.

இதற்கு அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்று பெயர். உலகில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தாவர வகைகள் இந்த வழியில் நடப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். தூதுவளையின் சொந்தக்காரர்களான கத்தரியும் சுண்டையும் கண்டங்கத்தரியும் அந்தக் கூட்டம்தான். சாலையோரத்து ஆவாரம்பூவும் அப்படியே. தக்காளியும் சிறு மாறுதலோடு இதே குணம்தான், ஆனால் அது காற்றில் ஆடினாலே ஓரளவு காய்த்துவிடும்.

எனக்குத் தீராத வியப்பு எதில் என்றால், தேனீக்கு இந்த வித்தை தெரியாது. பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீக்கும் சரி, பாறையில் கூடு கட்டும் மலைத்தேனீக்கும் சரி, தசையைத் துடிக்கவிட்டு மகரந்தம் எடுக்கும் பழக்கம் இல்லை. மற்ற வண்டுகள் உதிர்த்துவிட்டுப் போன தூளைப் பொறுக்குவதோடு சரி. தோட்டத்தில் தேனீப் பெட்டி வைத்தால் எல்லாம் காய்த்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தூதுவளைக்கும் கத்தரிக்கும் அந்த நம்பிக்கை உதவாது. அவற்றுக்கு வேண்டியவை கருவண்டும், வயிற்றில் நீலப்பட்டை போட்ட சிறு காட்டுத் தேனீயும். இரண்டும் தேன் சேர்த்துத் தருவதில்லை, பெருங்கூட்டமாக வாழ்வதும் இல்லை. அதனாலேயே யாரும் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஐரோப்பாவில் கண்ணாடிக் கூடங்களுக்குள் தக்காளி வளர்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இருந்தது. உள்ளே காற்றும் இல்லை, வண்டும் இல்லை. ஆட்களை வைத்து, மின்சாரத்தில் அதிரும் கோலால் ஒவ்வொரு பூங்கொத்தாகத் தொட்டுக்கொண்டே போனார்கள். 1980களின் கடைசியில்தான் பம்பிள் தேனீயைப் பெட்டியில் வளர்த்து விற்கும் தொழில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் தொடங்கியது. பம்பிள் தேனீ நம் சமவெளியில் கிடையாது. ஆஸ்திரேலியப் பெருநிலத்திலும் இல்லாததால், அங்கே அதற்குப் பதிலாக நீலப்பட்டைத் தேனீயைப் பழக்கிப் பார்த்தார்கள். நமக்கு அந்த நீலப்பட்டைக் குடும்பம் வேலியோரத்திலேயே இலவசமாக இருக்கிறது.

பதினோராவது மாடிக்கு வருவோம். பல் துலக்கும் மின்சாரப் பிரஷ் இருந்தால் போதும். காலை வெயில் ஏறிப் பூ நன்றாக விரிந்ததும், ஓடுகிற பிரஷின் முதுகை மகரந்தப்பைகளின் அடியில் லேசாக வைத்துப் பிடியுங்கள். கீழே ஒரு கறுப்புக் காகிதத் துண்டை ஏந்தினால் வெளிர்மஞ்சள் தூள் விழுவது கண்ணுக்குத் தெரியும். அதை மெல்லிய தூரிகையால் எடுத்து வேறொரு செடியின் பூவில், நடுவே நீண்டிருக்கும் பச்சை முடியில் தொட்டுவிடுங்கள். மெய்யாகவே வேறு செடியாக இருப்பது நல்லது. தண்டை வெட்டி நட்டாலும் தூதுவளை சுலபமாகத் துளிர்க்கும், ஆனால் அது தாய்ச்செடியின் நகல். இரண்டாவது செடி விதையிலிருந்து வரட்டும்.

விதைக்கு நன்றாகச் சிவந்த பழம் வேண்டும். அதைத் தண்ணீரில் பிசைந்து, வழவழப்புப் போகக் கழுவி, அடியில் தங்கிய விதைகளைச் சாம்பலில் புரட்டி நிழலில் உலர்த்துங்கள். விதைப்பதற்கு முந்திய இரவு ஊற வைக்கலாம். செம்மண், மணல், மட்கிய தொழுஉரம் மூன்றையும் சமமாகக் கலந்த தொட்டியில், விதை மறையும் அளவுக்கு மட்டும் மண் தூவினால் போதும். ஆழப் புதைத்தால் வராது. எல்லா விதையும் ஒன்றாக முளைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கத்தரி விதைபோல அவசரப்படாது, இரண்டு மூன்று வாரம் ஆகலாம். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். ஆடியில் விதைத்தால் ஐப்பசி அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். பிடித்தபின் அது வெயிலையும் வறட்சியையும் தாங்கும். தாங்காதது தேங்கிய தண்ணீர் ஒன்றைத்தான். தொட்டியின் அடித்துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்குக் கம்போ கயிறோ கட்டிவிடுங்கள்.

இலையைச் சல்லடையாக்கும் புள்ளிவண்டும் மாவுப்பூச்சியும் வரும். புழுவையும் முட்டையையும் கையால் எடுத்துப் போடலாம். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிப்பதானால் மாலையில் தெளியுங்கள். காலையில் பூ விரிந்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடித்துவிட்டுக் காய் பிடிக்கவில்லை என்று வருந்துவது நியாயமில்லை. கத்தரித் தோட்டங்களில் இது அன்றாடம் நடக்கிறது.

சமையலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முள்ளுக்குப் பயந்து ஒதுக்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இலையின் அடி நரம்பில் இருக்கும் வளைந்த முள்ளைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டு, நெய்யில் சுருள வதக்கினால் மிச்சமிருப்பதும் மென்மையாகிவிடும். அதன் பிறகு மிளகு, சீரகம், பூண்டு வைத்து அரைத்து ரசமோ, உளுந்தும் புளியும் சேர்த்துத் துவையலோ உங்கள் விருப்பம். பச்சரிசியோடு இலையை அரைத்துத் தோசை வார்த்தால் குழந்தைகளும் மறுக்காமல் சாப்பிடும். பூவை நெய்யில் வதக்கிச் சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடுவது அருமையான பழக்கம். ஆனால் எல்லாப் பூவையும் பறித்துவிட்டால் வற்றலுக்குக் காய் ஏது? மோரில் ஊறி வெயிலில் காய்ந்த தூதுவளைக்காய் வற்றலை வறுத்துப் போட்ட வத்தக்குழம்பு இன்று எத்தனை வீடுகளில் இருக்கிறது?

வள்ளலார் தம் அன்பர்களுக்குச் சொன்ன அன்றாட ஒழுக்கத்தில் கரிசலாங்கண்ணியோடு தூதுவளை இலைக்கும் இடம் கொடுத்தார். சளிக்கும் இருமலுக்கும் நம் வீடுகளில் அது முதல் கைவைத்தியம். ஆஸ்துமா நோயாளிகளிடம் நடந்த ஒரு சிறிய ஆய்வு 1999இல் வெளியானது. தூதுவளைப் பொடியும் கண்டங்கத்தரிப் பொடியும் 300 மில்லிகிராம் அளவில் தனித்தனியே கொடுத்துப் பார்த்ததில் மூச்சை வெளிவிடும் வேகம் ஓரளவு கூடியது. வழக்கமான மாத்திரைகள் அதைவிடக் கூடுதலாக வேலை செய்தன. இதில் இரண்டு பாதியையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. முதல் பாதியை மட்டும் அட்டையில் அச்சடித்துப் பொடியும் சூரணமும் விற்கிறார்கள். இன்ஹேலர் வைத்திருப்பவர் அதை நிறுத்திவிட்டுத் தூதுவளையை நம்புவது ஆபத்து. மருத்துவர் சொன்ன மருந்தும் தொடரட்டும், ரசமும் தொடரட்டும்.

எனக்கு வருத்தம் வேறொன்று. பொடி எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, செடியைத்தான் காணோம். கிளுவையும் கள்ளியும் நட்ட உயிர்வேலி இருந்த காலத்தில், அதன்மேல் பிரண்டையும் முடக்கத்தானும் கோவையும் தூதுவளையும் யாரும் விதைக்காமல் ஏறின. பறவை பழத்தைத் தின்று விதையைப் போட்டது. வேலியின் பட்ட கிளையிலும் காய்ந்த மூங்கிலிலும் கருவண்டு துளைத்துக் குடியிருந்தது, மண்சுவரிலும் வரப்பிலும் நீலப்பட்டைத் தேனீ வளை தோண்டியது. வேலியைப் பிடுங்கிக் கான்கிரீட் கம்பமும் கம்பியும் போட்டதில் போனது தூதுவளை மட்டுமில்லை. அதைக் காய்க்க வைக்கிறவர்களின் வீடும் போயிற்று. தரையெல்லாம் சிமென்ட் பூசி, பட்ட கட்டையைக் குப்பை என்று எரித்துவிட்டால் அவை எங்கே போகும்?

கருவண்டு யாரையும் தேடிவந்து கொட்டுவதில்லை. அதைக் கண்டதும் செருப்பைத் தூக்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்த காய்ந்த மூங்கில் துண்டுகள் சிலவற்றை மழை படாத மூலையில் கட்டித் தொங்கவிடுங்கள். புதிதாக மதில் எழுப்புகிறவர்கள் அதன் அடியில் ஓரடி அகலத்துக்காவது மண்ணைப் பூசாமல் விட்டுவையுங்கள். அந்த ஓரடி மண் ஒரு தூதுவளைக்கும் போதும், நீலப்பட்டைத் தேனீயின் வளைக்கும் போதும்.