டெவலப்பர் என்றால் யார்?

நான் சாஃப்ட்வேர் டெவலப்பர் என்றதும், "எங்கே ப்ளாட் போட்டிருக்கீங்க தம்பி?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுப் பெரியவர். அவர் கேட்டதில் தவறில்லை. மனை பிரித்து விற்பவரும் டெவலப்பர்தான். ஃபிலிம் காலத்து போட்டோ ஸ்டூடியோக்காரரைக் கேட்டால், டார்க் ரூமில் ஃபிலிமைக் கழுவும் ரசாயனத்தைக் காட்டுவார். கண்ணுக்குத் தெரியாமல் ஃபிலிமில் பதிந்திருக்கும் படத்தை வெளியே கொண்டு வருவது அதுதான். டெவலப் என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். சுற்றி மூடியதைப் பிரிப்பது என்பது அதன் பழைய அர்த்தம். நாம் கடிதம் போடும் என்வலப்புக்கு நேர் எதிர்!

கம்ப்யூட்டரில் டெவலப்பர் என்றால் புரோகிராம்களை உருவாக்குபவர். விண்டோஸ் 11 செட்டிங்ஸில் 'டெவலப்பர் மோட்' என்று ஒன்றைப் பார்ப்பீர்கள். நாங்கள் எழுதிய புரோகிராமைச் சோதித்துப் பார்க்க உதவும் வசதி அது. அதை ஆன் செய்தால், எங்கிருந்தோ வந்த ஆப்ஸ்களும் இன்ஸ்டால் ஆக வழி கிடைத்துவிடும். உங்கள் கம்ப்யூட்டரில் அது ஆஃப் ஆகவே இருக்கட்டும்.