தாய்வழியா, தந்தைவழியா?

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள கல்லடியிலே ஒருவரை ‘எந்தக் குடி?’ என்று வினவினால், அவர் தம் தாயின் குடியையே கூறுவார். அப்பிரதேசத்தில் குடி தாய்வழியாக வருவது. யாரிடமிருந்து வந்தது என்பதையே பொருளாகக் கொள்ளும் இவ்வழக்கத்தை ஒத்த நியதியொன்று மனித உடலினுள்ளும் உண்டு.

உடற்கலங்களில் நிறமூர்த்தங்கள் 23 சோடிகளாக அமைந்துள்ளன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாய் தந்தது; மற்றையது தந்தை தந்தது. பெரும்பாலான பரம்பரையலகுகளில் இரு பிரதிகளுமே தொழிற்படும். மிகச் சிலவற்றில் மட்டும் ஒன்று உறங்க, மற்றையது விழித்திருக்கும். எது உறங்கவேண்டும் என்பதை முட்டையிலும் விந்திலும் இடப்படும் மெதைல் என்னும் இரசாயன முத்திரை தீர்மானிக்கிறது.

15ஆம் நிறமூர்த்தத்தின் ஒரு பகுதியில் தந்தைவழிப் பிரதி தொழிற்படாவிடின் பிராடர்–வில்லி நோய் தோன்றும். குழந்தை தசைத் தளர்ச்சியுடன் பிறந்து, பால் உறிஞ்ச இயலாது வருந்தும். சில ஆண்டுகளின் பின் அடங்காப் பசிக்கு ஆளாகும். 1956இல் சுவிற்சர்லாந்து வைத்தியர்கள் இதனை விவரித்தனர். அதே பகுதியில் தாய்வழிப் பரம்பரையலகொன்று செயலற்றால் விளைவது வேறு நோய். பேச்சு வளராது, நடை தள்ளாடும், வலிப்பும் பெரும்பாலும் வரும். 1965இல் அதனை வெளியிட்டவர் இங்கிலாந்தின் ஹரி ஏஞ்சல்மன்.

இத்தகைய குழந்தையொன்றைப் பெற்ற தாய் மீண்டும் கருவுற்றால், ‘இதற்கும் அவ்வாறாகுமோ?’ என்னும் அச்சம் எழுவது இயல்பே. விடை முதற் குழந்தையின் இரத்தப் பரிசோதனையில் உள்ளது. பெரும்பாலும் நிறமூர்த்தத்தின் துண்டொன்று தற்செயலாக இழக்கப்படுவதே காரணம்; அவ்வாறாயின் அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிலும் குறைவு. முத்திரையை ஆளும் சிறு பகுதியின் குறை பரம்பரையாக வந்ததாயின், வாய்ப்புப் பாதியளவாகும். தன் தாயிடமிருந்து அக்குறையைப் பெற்ற ஆண் தான் நலமாகவே இருப்பான். அவனுடைய பிள்ளைகளிலேயே பிராடர்–வில்லி நோய் வெளிப்படும்.

கருவைச் சோதிப்பதற்கு, 15ஆம் வாரத்தின் பின் பனிக்குட நீரிற் சிறிதளவு ஊசியால் எடுக்கப்படும். சூல்வித்தக இழையத்தை அதற்கு முன்னரே எடுக்கலாம். ஆயினும் அதிலுள்ள முத்திரை கருவினதை ஒத்திராதிருக்கக்கூடுமாதலால் பனிக்குட நீரே நம்பத்தக்கது. இரு முறைகளிலும் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு. ஆகவே, இச்சோதனை எல்லோருக்கும் உரியதன்று.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைக்க இடந்தரவில்லை. எனவே இங்கு சோதனையின் பயன் ஆயத்தமே. நோயை முன்னரே அறிந்தால் வசதியுள்ள வைத்தியசாலையிற் பிரசவத்தை ஒழுங்குசெய்யலாம். குழாய்வழிப் பாலூட்டலுக்கு ஆயத்தமாகலாம். பிராடர்–வில்லி நோய்க்கு வளர்ச்சி ஓமோன் சிகிச்சையை இளமையிலேயே தொடங்கலாம்.

முத்திரை பிழைப்பது எவருடைய ஒழுக்கத்தாலும் உணவாலும் அன்று. ஆதலால், தாயையோ அவள் குடியையோ, தந்தையையோ குறைகூறுதல் அறியாமையே ஆகும்.