ஒரு செல்லின் தண்ணீர்க் கணக்கு

ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் மண்டிகளில் வந்திறங்கும் பச்சைத்தோல் அழுகாமல் இருக்கக் காரணம் உப்பு. கருவாட்டில் நடப்பதுதான் இங்கும். வெளியே உப்பு மிகுந்தால் பாக்டீரியாவுக்குள் இருக்கும் நீர் சவ்வு வழியே கசிந்து வெளியேறுகிறது. செல் சுருங்கி, வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது.

ஆனாலும் வெயில் காலத்தில் உப்புத்தோலில் சில வேளை இளஞ்சிவப்புத் திட்டுகள் படரும். ஹாலோபாக்டீரியம் போன்ற உப்பு விரும்பிகளின் வேலை அது. பெயரில்தான் பாக்டீரியா, இனம் ஆர்க்கியா. வெளியே சோடியம் எவ்வளவு நெருக்குகிறதோ, அதற்கு ஈடாக உள்ளே பொட்டாசியத்தை நிரப்பிக்கொள்கிறது. அதன் நொதிகளும் அந்த உப்பில் மட்டுமே உருக்குலையாமல் இயங்கும். நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்துச் செத்துவிடும். உப்பில் கெட்டிக்காரன், குடிநீரில் அற்பாயுசு!

இன்னொரு வகை பாக்டீரியா இரண்டு பக்கமும் தாக்குப்பிடிக்கும். உப்பு ஏறினால் முதலில் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும். பிறகு எக்டோயின், பீட்டைன் போன்ற, நொதிகளைக் கெடுக்காத கரிமப் பொருள்களைச் சேர்க்கும். திடீரென மழைநீர் கலந்தால் நீர் உள்ளே பாயும். அப்போது சவ்வு விறைக்க, அந்த இழுவிசையிலேயே அதிலுள்ள வால்வுகள் திறந்து, சேர்த்ததையெல்லாம் நொடிக்கும் குறைவான நேரத்தில் கொட்டிவிடும்.

குட்டைநீரில் வாழும் ஒருசெல் உயிரான பாரமீசியத்துக்கு வேறு ஏற்பாடு. அதற்குள் நீர் ஓயாமல் நுழைகிறது; சுருங்கும் குமிழிகள் இரண்டு அதைச் சேகரித்து வெளியே பீய்ச்சுகின்றன. சுற்றிலும் உப்பு கூடினால் அந்தத் துடிப்பு மெதுவாகும்.

இதெல்லாம் தோல் பதனிடும் ஷாப்புக்கு எதற்கு? கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டத் தொட்டியில் உழைப்பவை இத்தகைய நுண்ணுயிர்களே. நிலையான உப்புக்கு அவை ஓரளவு பழகிக்கொள்ளும். ஒரு நாள் கூடி, மறுநாள் குறைந்தால்தான் திணறும். பாக்டீரியாவைத் தின்று நீரைத் தெளிய வைக்கும், பாரமீசியம் போன்ற புரோட்டோசோவாக்கள் குறைய, வெளியேறும் நீர் கலங்கலாகும். தோல் ஊறவைத்த உப்புநீரைத் தனியே பிரித்துச் சூரிய ஆவியாக்கல் பாத்திகளுக்கு அனுப்ப இதுவும் ஒரு காரணம்.

நுண்ணுயிர் அழுக்கைத் தின்னும், உப்பைத் தின்னாது. உப்போ தண்ணீரோடு தண்ணீராகத் தொட்டியைக் கடந்துவிடும். பாலாற்றுப் படுகைக் கிணறுகள் உவர்ப்பானதற்குத் தோல் கழிவின் உப்பு முக்கியக் காரணம். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் தீராத தலைவலி அது. ஊறப்போடும் முன் தோலை உதறி உப்பைத் தட்டி எடுப்பதே இதில் மிக மலிவான வைத்தியம். அதை ஒரு ஷாப்பும் தட்டிக்கழிக்கக் கூடாது.