பூஜ்யம் வோல்ட்னு காட்டினா நம்பலாமா?

மென்பொருள் எழுதுற எனக்கு வோல்டேஜ் என்பது திரையில் வரும் ஓர் எண். மின்கார் பேட்டரிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்ச பிறகுதான், அந்த எண்ணுக்குப் பின்னாடி எவ்வளவு வேலை இருக்குன்னு புரிஞ்சுது.

நிஸான் லீஃப் காரில் 96 செல் ஜோடிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கு. ஒரு செல்லின் உச்சம் 4.2 வோல்ட்னு வச்சுக்கிட்டா, மொத்தம் 403 வோல்ட். டிசி 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து என்பது மின்கார் பாதுகாப்பு விதிகளின் கணக்கு. இதை அளக்க வேண்டிய சிப் தாங்குவதோ 5 வோல்ட்.

வழி எளிது. மேலே 3.96 மெகா ஓம், கீழே 40 கிலோ ஓம் ரெசிஸ்டர். கீழே கிடைப்பது நூறில் ஒரு பங்கு, சுமார் 4 வோல்ட். ஓடும் மின்சாரம் 0.1 மில்லி ஆம்பியர்தான். மேலே ஒரே ரெசிஸ்டர் போடமாட்டாங்க. 1206 அளவு ரெசிஸ்டர் வழக்கமா 200 வோல்ட் வரைதான் தாங்கும். நாலாகப் பிரிச்சா ஒவ்வொன்றுக்கும் 100 வோல்ட். ஒன்று ஷார்ட் ஆனாலும் மற்ற மூணும் தடுக்கும்.

அடுத்த சிக்கல், காரின் உடல். 12 வோல்ட் பேட்டரியின் மைனஸ் காரின் உடலோடு இணைஞ்சிருக்கும். பெரிய பேட்டரியின் எந்த முனையும் உடலைத் தொடாது. அதனால ஒரு முனையில் தெரியாம கை பட்டாலும் மின்சாரம் திரும்பிப்போக வழியில்லை. அளக்கிறேன்னு நாமே அந்த வழியைப் போட்டுக் கொடுக்கக் கூடாது. எனவே அளக்கும் சிப் உயர்மின் பக்கத்திலேயே இருக்கும். எண் மட்டும் ஒளி வழியாகவோ காந்தப்புலம் வழியாகவோ இந்தப் பக்கம் தாண்டி வரும்.

இப்போ தலைப்புக்கு வருவோம். மேல் ரெசிஸ்டர்களில் ஒன்று அறுந்துபோச்சுன்னா சிப் காட்டுவது 0. மின்சாரம் இல்லைன்னாலும் அதே 0. மெக்கானிக் அந்த எண்ணை நம்பி மூடியைக் கழற்றினா?

இதுக்காகத்தான் ஒரே அளவீட்டை நம்பக்கூடாது. செல்களைத் தனித்தனியா அளந்து கூட்டினா 355 வருது, மொத்த அளவு 0 காட்டுதுன்னா, கோளாறு அளக்கும் கம்பியில். மெக்கானிக்கும் மல்டிமீட்டரைத் தெரிஞ்ச ஒரு மின்மூலத்தில் சோதிச்சு, பிறகு அளந்து, மறுபடியும் சோதிக்கணும்.

மென்பொருள்காரங்களுக்கு ஒரு வார்த்தை: அளவீட்டில் சந்தேகம் வந்தா திரையில் 0 போடாதீங்க. 'தெரியவில்லை'ன்னு போடுங்க. அதைப் பார்க்கிறவர் கையுறையைக் கழற்றமாட்டார்.