புட்டியில் அடைத்த நுண்ணுயிர் மனக்கவலையைத் தீர்க்குமா?



சென்ற ஷஅபான் மாதத்தில் ஒரு நாள் மாலை, மதரஸா முடிந்து பிள்ளைகள் கலைந்து கொண்டிருந்த நேரத்தில், என்னிடம் ஓதும் மாணவன் ஒருவனின் தாயார் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சிறிய புட்டி. "ஹஸ்ரத், இதிலே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். உள்ளே இருப்பது ஹலாலா என்று தெரிய வேண்டும்" என்றார். வாங்கிப் பார்த்தேன். குடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் ஒவ்வொரு குளிகையிலும் உள்ளன என்றும், உண்டு வந்தால் மன இறுக்கம் தணிந்து உள்ளம் அமைதி பெறும் என்றும் அதன்மேல் அச்சிடப்பட்டிருந்தது.

பேச்சுக் கொடுத்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. கணவர் வளைகுடா நாட்டில் இருக்கிறார். ஓராண்டாகவே இவருக்கு உறக்கம் சரியில்லை, காரணமின்றி அழுகை. மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். "அந்த மாத்திரை பழக்கமாகிவிடும், இது இயற்கையானது" என்று யாரோ ஒருவர் சொல்லக்கேட்டு, மாத்திரையை நிறுத்திவிட்டு இந்தப் புட்டியை வாங்கி வந்திருக்கிறார். அவர் கேட்டது ஹலாலா என்பது மட்டுமே. எனக்கோ மாத்திரையை நிறுத்திய செய்திதான் நெஞ்சை உறுத்தியது. "மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், தங்கச்சி. நாளையே போய்ப் பாருங்கள். இந்தப் புட்டியைப் பற்றி நான் படித்துச் சொல்கிறேன்" என்று கூறி அனுப்பினேன். நான் கலைப் பட்டதாரி, மருத்துவம் கற்றவனல்லன். மருத்துவம் பயிலும் என் சகோதரி மகனின் துணையோடு படித்தறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் பெயர்கள். உடலுக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களைப் போதிய அளவில் உட்கொண்டால் அவற்றுக்கு 'புரோபயாட்டிக்' என்று பெயர். 2001ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் கூட்டிய நிபுணர் குழு வகுத்த இலக்கணம் இது. 'பிரீபயாட்டிக்' என்பது நுண்ணுயிர் அன்று. குடலில் முன்பே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்கு நாம் இடும் தீனி. நமக்குச் செரிக்காத, அவற்றுக்குச் செரிக்கக்கூடிய நார்ப்பொருள் அது. வெங்காயம், பூண்டு, வாழைப்பழம், பார்லி ஆகியவற்றில் இத்தகைய பொருள் உண்டு. நமது நோன்புக் கஞ்சியில் உரித்துப் போடும் பூண்டை ஒதுக்கி வைக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லலாம்!

வயிற்றுக்கும் மனத்துக்கும் தொடர்புண்டு என்ற எண்ணம் புதியதன்று. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றியவரும் 1908இல் நோபல் பரிசு பெற்றவருமான மெச்னிகாஃப், பல்கேரிய நாட்டு உழவர்கள் புளித்த பால் அருந்துவதால் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று கருதி, தாமும் நாள்தோறும் அருந்தி வந்தார். (அவர் 71ஆம் வயதில் 1916இல் காலமானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 1910இல் லண்டன் பெத்லெம் மனநல மருத்துவமனையில் பிலிப்ஸ் என்னும் மருத்துவர், துயர நோயால் பீடிக்கப்பட்ட 18 பேருக்குப் புளிப்பு நுண்ணுயிர் கலந்த உணவைக் கொடுத்து, 11 பேர் முற்றிலும் குணமடைந்ததாக எழுதினார். ஆனால் அந்த உணவை உண்ணாத நோயாளிகள் சிலரையும் பக்கத்தில் வைத்து அவர் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தாமாகவே தேறியவர் எத்தனை பேர் என்பதை அறிய வழியில்லாமற் போயிற்று.

இக்காலத்து ஆராய்ச்சிக்குக் கதவைத் திறந்தது ஜப்பான் நாட்டின் கியூஷூ பல்கலைக்கழகம். 2004இல் அங்குள்ளோர், உடலில் ஒரு நுண்ணுயிரும் இன்றி வளர்க்கப்பட்ட எலிகளை அசைய முடியாதபடி அடைத்து வைத்துப் பார்த்தனர். சாதாரண எலிகளைக் காட்டிலும் அவற்றின் இரத்தத்தில் அச்சத்தின்போது சுரக்கும் இயக்குநீர் மிகுதியாகச் சுரந்தது. குறிப்பிட்ட ஒரு நல்ல நுண்ணுயிரைக் குடலில் குடியேற்றியதும் அந்த மிகைச் சுரப்பு அடங்கியது. சிற்றுயிர் இல்லாத குடல், சிறு நெருக்கடியையும் பேரச்சமாக எடுத்துக் கொள்கிறது போலும்!

அடுத்து, 2011இல் அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் கனடா நாட்டவருடன் சேர்ந்து செய்த சோதனை. 'லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ்' இனத்தில் ஜேபி-1 என்னும் ஒரு வகையை எலிகளுக்கு ஊட்டினர். எலிகளின் பதற்றம் குறைந்தது. பின்னர் மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் என்ற நரம்பை அறுத்துவிட்டு அதே நுண்ணுயிரைக் கொடுத்தனர். பலன் ஏதும் இல்லை. ஆக, குடலிலிருந்து மூளைக்குச் செய்தி செல்லும் பாதை ஒன்று தெரிய வந்தது. பத்திரிகைகள் இதைக் கொண்டாடின. புட்டிகளும் சந்தைக்கு வரத் தொடங்கின.

பெருமைக்குரிய செயல் இதற்குப் பின்னர்தான் நடந்தது என்பேன். அதே கார்க் நகரத்தவர், அதே ஜேபி-1 நுண்ணுயிரை 29 ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். நான்கு வாரம் உண்மைக் குளிகை, நான்கு வாரம் போலிக் குளிகை. மன இறுக்கத்திலோ, இயக்குநீர்ச் சுரப்பிலோ இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்கவில்லை என்பதைத் தாங்களே 2017இல் வெளியிட்டார்கள். தமது சொல்லைத் தாமே மறுத்து எழுதும் துணிவு எளிதில் வருவதன்று.

பிரான்சு நாட்டிலும் இதே போன்றொரு கதை உண்டு. அங்கே 2011இல் 55 பேரிடம் நடந்த ஆய்வில், இருவகை நுண்ணுயிர்களை 30 நாள் உட்கொண்டோரிடம் மனவேதனை குறைந்ததாகக் கண்டனர். அதே இரு வகைகளை நியூசிலாந்தில் மனம் சோர்ந்திருந்த 79 பேரிடம் எட்டு வாரம் சோதித்தபோது, போலிக் குளிகை உண்டவர்களைவிட எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. இது 2017இல் வெளிவந்தது. ஒரு புட்டியின் விளம்பரம் முதல் ஆய்வை மட்டும் சொல்லி இரண்டாவதை விட்டுவிட்டால் அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது; உண்மை என்றும் சொல்ல முடியாது.

பிரீபயாட்டிக் பற்றி ஆக்ஸ்ஃபோர்டில் 45 பேரிடம் மூன்று வாரம் நடத்திய ஆய்வு 2015இல் வந்தது. இருவகை நார்ப்பொருள்களில் ஒன்றை உண்டவர்களுக்கு மட்டும், காலையில் கண்விழித்ததும் உயரும் கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் குறைந்திருந்தது. மற்றொன்று எதையும் செய்யவில்லை. 'நார்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது, எந்த நார் என்றும் கேட்க வேண்டும் என்பது இதனால் தெரிகிறது.

நம் சகோதரியின் நிலைக்கு மிக நெருங்கியது லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வு. 2023இல் வெளிவந்தது. மனச்சோர்வு நோயுள்ள 49 பேர். அனைவரும் மருத்துவர் தந்த மாத்திரையை உண்டு வருபவர்கள். ஆனால் முழுப் பலன் காணாதவர்கள். அவர்களில் ஒரு பாதிப் பேருக்குப் பலவகை நுண்ணுயிர்கள் கலந்த குளிகையை எட்டு வாரம் கூடுதலாகக் கொடுத்தனர். போலிக் குளிகை உண்டவர்களைவிட இவர்களுக்குச் சோர்வும் பதற்றமும் ஓரளவு அதிகமாகக் குறைந்தன. 49 பேர் என்பது சிறு தொகைதான். இருப்பினும் வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு: அங்கே எவரும் மாத்திரையை நிறுத்தவில்லை. மாத்திரையோடு சேர்த்துத்தான் குளிகை.

இதைப் படித்துக் கொண்டிருந்தபோது தல்பீனா பற்றிய நபிமொழி நினைவுக்கு வந்தது. பார்லி மாவில் காய்ச்சும் இளங்கஞ்சியே தல்பீனா. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள், தமது குடும்பத்தில் யாரேனும் இறந்து, வந்த பெண்கள் கலைந்து சென்றபின் அதைக் காய்ச்சச் செய்வார்கள் என்றும், அது நோயாளியின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும், துக்கத்தில் ஒரு பகுதியைப் போக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அறிவித்தார்கள் என்றும் புகாரியில் காண்கிறோம். பார்லியில் பீட்டா குளூக்கன் என்ற நார் உண்டு. குடல் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து உண்கின்றன. மலேசியாவில் முதியோர் இல்லங்களில் சோர்வுற்றிருந்த 30 பேருக்குத் தல்பீனாவை மூன்று வாரம் கொடுத்துப் பார்த்ததில் சோர்வு குறைந்ததாக 2013இல் எழுதியிருக்கிறார்கள். இதை வைத்து, விஞ்ஞானம் ஹதீஸை நிரூபித்துவிட்டது என்று மேடை முழங்க எனக்கு விருப்பமில்லை. முப்பது பேரின் சோதனையால் நிற்பதும் விழுவதுமா நபிமொழி? அரபி கற்பிப்பவன் என்ற முறையில் என் கண் நின்றது 'பஅள்' என்ற ஒரு சொல்லின் மீதுதான். துக்கத்தில் 'ஒரு பகுதி' என்றே வந்திருக்கிறது. முழுவதும் என்று வரவில்லை. புட்டியின் மேல் எழுதியவருக்கு அந்த அளவுச் சொல் வாய்க்கவில்லை.

இனி ஹலால் பற்றி. குளிகையின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. அது பன்றியின் தோலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. மாட்டின் தோல், எலும்பிலிருந்தும் எடுக்கப்படுகிறது. தாவர நாரினால் செய்த உறைகளும் உண்டு. வெறுமனே 'ஜெலட்டின்' என்றிருந்தால் எதிலிருந்து என்று கேட்டறிய வேண்டும்.

தயிர், மோர் போன்றவற்றை அஞ்சாமல் உண்ணலாம். கொதிக்க வைத்த மோர்க்குழம்பில் மட்டும் உயிருள்ள நுண்ணுயிரைத் தேடாதீர்கள். ஆனால் குளிகை எல்லோருக்கும் தீங்கற்றதன்று. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளுக்குப் புரோபயாட்டிக் கொடுத்தபோது, கொடுக்கப்படாதவர்களைவிட அதிகம் பேர் இறந்ததாக 2008இல் வெளியானது. குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023இல் எச்சரித்தது. நோய் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும்.

மற்றொன்று: ரமளானில் மன நோய்க்கான மாத்திரையைத் தாமாகவே விட்டுவிடுகிறவர்கள் நம்மில் உண்டு. பல மாத்திரைகளை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றித் தர மருத்துவரால் இயலும். கேட்க வேண்டியது நாம்தான்.

அந்தச் சகோதரி மறு வாரமே மருத்துவரிடம் சென்றார். மாத்திரை மீண்டும் தொடங்கப்பட்டது. நோன்பு காலத்துக்கு வேளையும் மாற்றித் தரப்பட்டது. மகன் ஓத வரும்போது இப்போது உம்மாவும் வாசல் வரை வருகிறார். இரண்டு வார்த்தை பேசுகிறார். ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது என்று கேட்டுப் புட்டியிலிருந்த முகவரிக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. புட்டி என் மேசை மீதே இருக்கிறது.