திரையில் தோன்றும் பொய் எட்டு!

ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில். அதன் பக்கத்தில் ஒரு சின்ன எந்திரம். நோயாளியின் உடலில் மருந்து எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை அது காட்டுகிறது. எந்திரத்தின் முகத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு திரை. திரையில் ஓர் எண்: 6.

நர்சு பொத்தானை அழுத்துகிறார். 6 என்பது 9 ஆக மாற வேண்டும்.

மாறுகிறது. ஆனால் எப்படி மாறுகிறது தெரியுமா? எந்திரம் மேலிருந்து கீழாக, வரி வரியாக எழுதிக்கொண்டு வருகிறது. பாதி தூரம் வந்ததும் என்ன இருக்கும்? மேல் பாதியில் புதிய ஒன்பதின் தலை. கீழ்ப் பாதியில் பழைய ஆறின் வயிறு. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மேலே ஒரு வளையம், கீழே ஒரு வளையம். அது என்ன எண்?

எட்டு!

எட்டு என்று யாரும் வைக்கவில்லை. ஆறும் உண்மை, ஒன்பதும் உண்மை. நடுவில் வந்த எட்டு மட்டும் பொய்.

"கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுமே, அதனால் என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எந்திரத்துக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டருக்குப் படம் போடுவது மட்டுமா வேலை? மோட்டாரைச் சுழற்ற வேண்டும். பொத்தானைக் கவனிக்க வேண்டும். ஆபத்து என்றால் மணி அடிக்க வேண்டும். பாதிப் படம் போட்டுக்கொண்டிருக்கும்போது வேறு அவசர வேலை வந்தால், படத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடும். அது திரும்பி வரும் வரையில், பொய் எட்டு திரையில் நிற்கும்!

எங்கும் குட்டிக் கம்ப்யூட்டர்

மேஜைமேல் வைக்கும் கம்ப்யூட்டரைத்தான் பலரும் கம்ப்யூட்டர் என்று நினைக்கிறார்கள். துணி துவைக்கும் எந்திரத்துக்குள் ஒன்று இருக்கிறது. லிப்டில் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் இருக்கிறது. பஸ் கண்டக்டரின் கையிலுள்ள டிக்கெட் எந்திரத்திலும் இருக்கிறது. விரல் நகத்தளவுள்ள ஒரு சிப்தான் அந்தக் கம்ப்யூட்டர்.

அந்தச் சிப்புக்குத் திரை என்றால் என்னவென்று தெரியாது. எந்தக் கம்பியில், எந்த நேரத்தில், எந்தக் கட்டளையை அனுப்பினால் எந்தப் புள்ளி சிவப்பாகும் என்பதை ஒருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதும் நிரலுக்கு 'டிரைவர்' என்று பெயர். பஸ்ஸை ஓட்டுபவர் டிரைவர். திரையை ஓட்டும் நிரலும் டிரைவர்!

கடையில் வாங்கும் சட்டை எல்லோருக்கும் சரியாக இருப்பதில்லை அல்லவா? டிரைவரும் அப்படித்தான். சிப்பு வேறு, திரை வேறு, இரண்டுக்கும் இடையிலுள்ள கம்பி வேறு. அதனால் எஞ்சினீயர்கள் பல சமயம் அளவெடுத்துத் தைப்பதுபோல, புதிதாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு சிலேட்டு

பொய் எட்டு வராமல் தடுக்க வழி உண்டு. கேட்டால், 'இவ்வளவுதானா!' என்பீர்கள்.

ஒரு சிலேட்டுக்குப் பதிலாக இரண்டு சிலேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை எல்லோரும் பார்க்கட்டும். மற்றொன்றை மறைவாக வைத்துப் புதிய படத்தை எழுத வேண்டும். முழுவதும் எழுதி முடித்த பிறகு, 'டக்'கென்று மாற்றிக் காட்ட வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்கு அரைகுறைப் படம் ஒருபோதும் தெரியாது.

சினிமாக் கொட்டகையில் பிலிம் சுருள் ஓடிய காலத்திலும் இந்தத் தந்திரம்தான். வினாடிக்கு 24 படங்கள். ஒரு படம் போய் அடுத்த படம் வந்து நிற்கும் நேரத்தில், சுழலும் மூடி ஒன்று விளக்கின் ஒளியை மறைத்துவிடும். படம் நகர்வதை யாரும் பார்த்ததில்லை. நின்ற படங்களை மட்டுமே பார்த்தார்கள்.

கம்ப்யூட்டரில் சிலேட்டு என்பது நினைவகத்தில் ஓர் இடம். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய நிறத்தை அங்கே எழுதி வைக்க வேண்டும். 1977-ல் வெளிவந்த 'ஆப்பிள் 2' கம்ப்யூட்டரில் இப்படி இரண்டு படப் பக்கங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் 8 கிலோபைட். ஒரு பக்கத்தைக் காட்டிக்கொண்டே மற்றொன்றில் வரையலாம். அதே ஆண்டில் வந்த அட்டாரி விளையாட்டுப் பெட்டியின் மொத்த நினைவகமே 128 பைட்! கிலோபைட் அல்ல, வெறும் பைட். ஒரு படத்துக்குக்கூட அதில் இடமில்லை. டெலிவிஷன் ஒவ்வொரு வரியாகக் காட்டிக்கொண்டு போக, அதன் கூடவே ஓடி ஓடி எழுதினார்கள் நிரல் எழுதியவர்கள். அவர்களின் பொறுமையே பொறுமை.

இடம் எங்கே?

யோசனை சுலபம். இடம்தான் இல்லை. கணக்கைப் பாருங்கள்.

தைவானைச் சேர்ந்த ஐலிடெக் கம்பெனியின் 'ஐ.எல்.ஐ. 9341' என்ற சிப் பொருத்திய சின்னத் திரை உலகம் முழுவதும் விற்கிறது. அகலத்தில் 240 புள்ளிகள். உயரத்தில் 320. பெருக்கினால் 76,800 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 2 பைட். ஆக ஒரு படத்துக்கு 1,53,600 பைட். இரண்டு சிலேட்டு என்றால் 3,07,200 பைட்.

இதை ஓட்ட 'எஸ்.டி.எம். 32 எப். 103' என்ற மலிவான சிப்பை எடுத்துக்கொள்வோம். அதன் பிரபலமான வகையில் நினைவகம் எவ்வளவு? 20 கிலோபைட். அதாவது 20,480 பைட். இரண்டு சிலேட்டு இருக்கட்டும், ஒரு சிலேட்டில் ஏழில் ஒரு பங்குகூட அதற்குள் அடங்காது!

பெரிய நினைவகம் வாங்கினால் போயிற்று என்று தோன்றும். லட்சம் எந்திரங்கள் செய்யும் கம்பெனியில் ஓர் எந்திரத்துக்குப் பத்து ரூபாய் கூடினால் பத்து லட்சம் ரூபாய். முதலாளி சம்மதிக்க மாட்டார்.

அதனால் எஞ்சினீயர் சிலேட்டை அறுத்துவிடுகிறார். முழுத் திரைக்கும் சிலேட்டு வேண்டாம். 10 வரிக்கு மட்டும் போதும். அகலம் 240, வரி 10, புள்ளிக்கு 2 பைட். மொத்தம் 4,800 பைட். இப்படி இரண்டு துண்டுகள், 9,600 பைட். பாதி நினைவகத்துக்குள் வேலை முடிந்தது. 32 துண்டுகள் போட்டால் ஒரு முழுப் படம்.

ஒரு துண்டில் வரைந்துகொண்டிருக்கும்போது, மற்றத் துண்டைத் திரைக்குச் சுமந்து செல்ல அந்தச் சிப்பிலேயே ஒரு கூலியாள் இருக்கிறான். 'டி.எம்.ஏ.' என்பது அவன் பெயர். "இந்தா, 4,800 பைட், கொண்டுபோய்க் கொடு" என்று ஒருமுறை சொன்னால் போதும். எஜமானனைத் தொந்தரவு செய்யாமல் சுமப்பான். முடிந்ததும் குரல் கொடுப்பான்.

இங்கேதான் புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குகிறார்கள். கூலியாள் குரல் கொடுக்கும் முன்பே, அவன் கையிலுள்ள சிலேட்டில் அடுத்த படத்தை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பாதி பழையது, பாதி புதியது. மறுபடியும் பொய் எட்டு! எதைத் தடுக்க இரண்டு சிலேட்டு வைத்தார்களோ, அதுவே வந்து நிற்கிறது. 'சிலேட்டு வேலையில் இருக்கிறது' என்று ஒரு கொடியை ஏற்றிவைத்து, கூலியாள் திரும்பி வந்து இறக்கிய பிறகே அதைத் தொட வேண்டும்.

திரைக்கும் ஒரு வேகம்

இன்னொரு சங்கடம். அந்தச் சிப் வினாடிக்கு 1 கோடியே 80 லட்சம் பிட் வரைதான் அனுப்பும். முழுப் படமும் போய்ச் சேர, வினாடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் 68 பங்கு ஆகும். திரையோ வினாடிக்குச் சுமார் 70 முறை தன்னைத் தானே மேலிருந்து கீழாகப் புதுப்பித்துக்கொள்கிறது. அதற்கு 14 பங்குதான். ஆமை எழுதுகிறது, முயல் வாசிக்கிறது! ஆமை எழுதி முடிப்பதற்குள் முயல் நாலு தடவைக்கு மேல் வாசித்துவிடும். நாலு தடவையும் அரைகுறைப் படம்.

இதற்கு எஞ்சினீயர் என்ன செய்கிறார்? முழுப் படத்தையும் அனுப்புவதில்லை. மாறியது ஓர் எண்தானே? 60 புள்ளி அகலம், 40 வரி உயரமுள்ள ஒரு சின்னக் கட்டம் போதும். அதுவும் 4,800 பைட். ஒரே துண்டில் அடங்கிவிடும். போய்ச் சேர 2 பங்குக்குச் சற்று மேல் ஆகும். முயல் அந்தக் கட்டத்தைக் கடந்து போனதும் எழுதத் தொடங்கினால், அது அடுத்த சுற்றுக்கு வருவதற்குள் எண் முழுமையாக மாறியிருக்கும். 6 இருந்தது, 9 வந்தது. நடுவில் எதுவும் இல்லை.

முயல் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? திரையின் சிப்பிலேயே அதற்கென்று ஒரு கம்பி உண்டு. இந்த வரியைத் தாண்டும்போது சொல் என்றால், சொல்லும். ஆனால் மலிவான பல பலகைகளில் அந்தக் கம்பியை வெளியே கொண்டுவருவதே இல்லை. சில பைசா மிச்சம் பிடிக்கிறார்கள். நல்ல டிரைவர் எழுத வேண்டியவரின் கையைக் கட்டிவிட்டுப் பிடிக்கும் மிச்சம் அது!

பணக்கார வீட்டிலும் தொல்லை

வசதியான சிப்புகளும் உண்டு. அதே குடும்பத்தைச் சேர்ந்த 'எப். 429' சிப் பொருத்திய பயிற்சிப் பலகையில், வெளியே 8 மெகாபைட் நினைவகம் இருக்கிறது. இரண்டு முழுச் சிலேட்டும் தாராளமாக வைக்கலாம். படத்தைச் சுமக்கவே வேண்டாம். "இனிமேல் அந்தச் சிலேட்டைக் காட்டு" என்று விலாசத்தை மட்டும் மாற்றினால் போதும். திரை ஒரு சுற்று முடித்து அடுத்த சுற்று தொடங்குவதற்கு முன்னால் வரும் சிறு இடைவெளியில் அந்த மாற்றம் நடக்கும்படி செய்யவும் வசதி உண்டு. சினிமாக் கொட்டகையின் சுழலும் மூடி மாதிரியேதான்.

ஆனால் இங்கே வேறொரு வேடிக்கை. கடிகாரம் 10:04 காட்டுகிறது. 10:05 என்று இரண்டாவது சிலேட்டில் எழுதி மாற்றியாயிற்று. பிறகு முதல் சிலேட்டில் வெப்பத்தை மட்டும் திருத்திக் காட்டுகிறார்கள். என்ன ஆகும்? அந்தச் சிலேட்டில் இன்னும் 10:04 தான் இருக்கிறது! காலம் பின்னால் போய்விடும். அடுத்த மாற்றத்தில் 10:05, அதற்கடுத்ததில் 10:04. பார்க்கிறவர், கடிகாரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நினைப்பார். ஒரு சிலேட்டில் மாறிய இடத்தையெல்லாம் மற்றொன்றிலும் மறக்காமல் மாற்ற வேண்டும் என்பதை அனுபவப்பட்டுத்தான் பலர் கற்கிறார்கள்.

இதைவிட வேகமான சில சிப்புகளில் மற்றொரு வம்பு. எழுதியதை உடனே பெரிய நினைவகத்தில் போடாமல், பக்கத்திலுள்ள குட்டி நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். கணக்கப்பிள்ளை பேரேட்டில் பதியாமல் துண்டுச் சீட்டில் குறித்து வைப்பதுபோல. திரையோ பேரேட்டைத்தான் பார்க்கும். அதனால் புதுப் படத்தின் நடுவே பழைய படத்தின் கோடுகள் தெரியும். சிலேட்டை மாற்றும் முன் 'சீட்டில் உள்ளதையெல்லாம் பேரேட்டில் பதி' என்று கட்டளையிட்டால் சரியாகிவிடும். ஒரே ஒரு வரி நிரல். அந்த ஒரு வரி இல்லை என்று கண்டுபிடிப்பதற்குள் நாட்கணக்கில் தூக்கம் போய்விடும்.

கம்பம் ஒடிகிறதா?

டிரைவர் சரியாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? கருப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கம்பத்தை நிற்க வைக்கிறார்கள். அதை இடமிருந்து வலமாக வேகமாக ஓட விடுகிறார்கள். கம்பம் முழுசாக ஓடினால் நல்லது. நடுவில் ஒடிந்து, மேல் பாதி முன்னாலும் கீழ்ப் பாதி பின்னாலும் போனால், பழைய படமும் புதிய படமும் கலந்துவிட்டன என்று அர்த்தம். கண்ணுக்குத் தப்பினாலும், போன் கேமராவில் மெதுவாக ஓடும் படம் எடுத்தால் அகப்பட்டுவிடும்.

சும்மா இருக்கும் எந்திரத்தில் மட்டும் சோதித்தால் போதாது. மோட்டார் சுழல வேண்டும். மணி அடிக்க வேண்டும். பொத்தான்களை மாறி மாறி அழுத்த வேண்டும். அப்போதும் கம்பம் ஒடியக் கூடாது.

ஒடிந்த இடமும் ஒரு தடயம்தான். அது ஒரே வரியில் அசையாமல் நின்றால், மாற்றும் நேரம் தவறியிருக்கிறது. மெதுவாக மேலேயோ கீழேயோ ஊர்ந்தால், சிப்பின் வேகமும் திரையின் வேகமும் ஒத்துப்போகவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு, எஞ்சினீயர் மறுபடியும் நிரலைத் திறக்கிறார்.