கடல் கடந்தவர்கள் – 14: ஊருக்குப் போகாத கேப்டன்

ஸ்வீடன் ராணுவத்தில் லெப்டினன்டாக இருந்த ஜான் எரிக்சன், 1826-ல் லீவு போட்டுவிட்டு லண்டனுக்குக் கப்பலேறினார். வயது 22. லீவு முடிந்தும் ஆள் திரும்பவில்லை. சட்டப்படி பார்த்தால் படையைவிட்டு ஓடிப்போன குற்றம். ஊரில் வேண்டியவர்கள் தலையிட்டுச் சிக்கலைத் தீர்த்தார்கள். 1827-ல் கேப்டனாகப் பதவி உயர்வு கொடுத்து, கையோடு ராஜினாமாவையும் ஏற்றுக்கொண்டார்கள். கேப்டனாக அவர் பார்த்த வேலை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பட்டத்தை விடவில்லை. அமெரிக்கக் குடிமகனான பிறகும், 1889-ல் நியூயார்க்கில் கண்மூடும்வரைக்கும் அவர் 'கேப்டன் எரிக்சன்'தான். இத்தனைக்கும் கிளம்பிய பிறகு ஒருமுறைகூட ஸ்வீடன் மண்ணை மிதிக்கவில்லை.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவருடைய 'மானிட்டர்' இரும்புக் கப்பல் வடக்கு மாநிலங்களின் மானத்தைக் காத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தக் கப்பலின் வடிவம் எங்கிருந்து வந்தது? பிற்காலத்தில் எரிக்சனே எழுதியிருக்கிறார்: ஸ்வீடன் ஏரிகளில் மிதந்துபோகும் மரக்கட்டைத் தெப்பங்களிலிருந்து. காற்று கிளம்பினால் தண்ணீரோடு தண்ணீராகக் கிடக்கும் கட்டைகள்மேல் அலை புரண்டு ஓடும். நடுவே உயரமாகக் கட்டிய குடிசையில் தெப்பக்காரர் பெரிய ஆட்டமில்லாமல் இருப்பார். மானிட்டரும் அப்படித்தான். தளம் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே. எதிரி குறிபார்க்கக் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. குடிசை இருந்த இடத்தில், ஓரங்குலத் தகடுகளை எட்டு அடுக்காக வைத்து முடுக்கிய கோபுரம். 20 அடி விட்டம், உள்ளே இரண்டு பீரங்கிகள், நீராவியால் சுழலும். வெர்ம்லாந்து பகுதியின் லோங்பான் சுரங்கக் கிராமத்தில் பிறந்து, யோட்டா கால்வாய் வெட்டும் இடத்தில் வளர்ந்த பையன் அவர். தெப்பம் புத்தகத்தில் படித்த சங்கதி அல்ல.

மானிட்டரின் வெற்றிக்குப் பிறகு தாய்நாட்டுக்கு அவர் செய்தது சாதாரண உதவி இல்லை. ஸ்வீடன் தன் முதல் மானிட்டர் கப்பலைக் கட்டியபோது வடிவமைப்பில் துணைநின்றார். 15 அங்குல வாயுள்ள இரண்டு பீரங்கிகளை அன்பளிப்பாக அனுப்பினார். 1865-ல் நீரில் இறங்கிய அந்தக் கப்பலுக்கு 'ஜான் எரிக்சன்' என்றே பெயர் வைத்தார்கள்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அவருடைய மகன் யால்மர், திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. ஸ்வீடனில் பாட்டியிடம் வளர்ந்து ரயில்வே பொறியாளர் ஆனார். அப்பாவும் பிள்ளையும் நேரில் சந்திக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவும் மகன் நியூயார்க்குக்குப் போனதால். தேசத்தை நேசிப்பதற்குத் தூரம் ஒரு தடையாக இல்லை. சொல்லப்போனால் வசதியாகவே இருந்திருக்கிறது. பெற்ற பிள்ளை விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியுமா?

1890 ஆகஸ்டில், ஓராண்டுக்கு மேல் நியூயார்க்கில் காத்திருந்த உடலை அமெரிக்கக் கடற்படை தன் 'பால்டிமோர்' போர்க்கப்பலில் ஏற்றி ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பியது. அங்கிருந்து லோங்பானுக்குப் பக்கத்து ஊரான பிலிப்ஸ்டாட். அங்கேதான் கல்லறை.

எரிக்சனுக்கு நில்ஸ் என்று ஓர் அண்ணன் உண்டு. அதே கால்வாயில் வேலை பழகியவர். ஊரைவிட்டுப் போகாமல் ஸ்வீடனுக்கு ரயில் பாதைகள் போட்டவர். ஸ்டாக்ஹோம் ரயில் நிலைய வாசலில் இன்றும் சிலையாக நிற்கும் அவரைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)